பற்றும் விலக்கும்

ஒன்றன்மேல் அன்பு வைத்தவன், அவ்வன்பை மெய்ப்பித்துக் காட்டுவதற்காக மற்றொன்றை வெறுத்துக் காட்டவும் வேண்டுமா? அறநூல் கற்றோர் அவையில் எழுப்பத்தக்க இவ்வினா, அயர்லாந்து என்னும் தீவின் விளையாட்டுத் திடல்களில் ஏறத்தாழ 70 ஆண்டுக் காலம் எழுப்பப்பட்டது. விடை சொல்லத் தவறியவர்களுக்குத் தண்டனையும் வழங்கப்பட்டது. தண்டனை பெற்றோருள் பள்ளிச் சிறுவனும் இருந்தான். நாட்டின் குடியரசுத் தலைவரும் இருந்தார்.

சிறுவனின் பெயர் கெவின் ஓஃபிளானகன். 1919-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்தவன். கால்களில் இயற்கை வேகத்தை வைத்துப் படைத்திருந்தது. ஓடச் சொன்னால் ஓடுவான். தாண்டச் சொன்னால் தாண்டுவான். எந்தப் பந்தைக் கொடுத்தாலும் அந்தப் பந்துக்குரிய ஆட்டத்தை ஆடுவான். இத்தகைய மாணவர்களைப் பள்ளி ஆசிரியர்கள் நன்கறிவர். விளையாட்டு விழா நெருங்கும் நாளில் ஓட்டப் பயிற்சி தரும் ஆசிரியரும் பந்தாட்டப் பயிற்சி தரும் ஆசிரியரும் ஒரே பையனுக்காக மல்லுக்கு நிற்பதைக் காணாத பள்ளி ஏது? பையனோ இரு பக்கமும் போக விரும்புவான். அவனுடைய உடலுக்கு ஒரே மகிழ்ச்சிதான் தெரியும். அம்மகிழ்ச்சிக்குப் பல பெயர்கள் உண்டென்பதைப் பெரியவர்களே அவனுக்குச் சொல்லிக் கொடுக்கின்றனர்.

கெவின் அயர்லாந்தின் மரபு விளையாட்டாகிய கேலிக் பந்தாட்டத்தில் சிறந்து, டப்ளின் இளையோர் அணியில் இடம்பெற்றான். அதே வேளையில் உலகெங்கும் ஆடப்படும் காற்பந்தையும் ஆடி வந்தான். பின்னது தெரியவந்தபோது முன்னதிலிருந்து விலக்கப்பட்டான். அவன் செய்த குற்றம் அவ்வளவே. ஆட்டத்தில் வஞ்சகம் செய்தானில்லை. பயிற்சிக்கு வாராது ஏமாற்றினானில்லை. காற்பந்து ‘அந்நிய ஆட்டம்’. அந்நிய ஆட்டம் ஆடியவன் நாட்டு ஆட்டம் ஆடலாகாது என்பது விதி.

இவ்விதியை இயற்றியவர்களை மூடர் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் நேர்மையாகாது. அவர்கள் பக்கத்து வழக்கையும் கேட்டாக வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்து ஆங்கில ஆட்சியின் கீழ் நலிந்து கிடந்தது. நூற்றாண்டின் நடுவில் வந்த பெரும்பஞ்சம் பத்து இலட்சம் பேரைக் கொன்று, ஏறத்தாழ அவ்வளவு பேரைக் கடல் கடந்து ஓடச் செய்தது. ஐரிஷ் மொழி பேசுவோர் தொகை விரைந்து குறைந்தது. ஊர்ப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்த ஹர்லிங் என்னும் கோலாட்டமும் பிறவும் ஆடுவாரற்று மறையும் நிலைக்கு வந்தன. படைமுகாம்களையும் செல்வர் பள்ளிகளையும் சூழ்ந்து ஆங்கில ஆட்டங்கள் வளர்ந்தன. இந்நிலையில்தான் 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தர்ல்ஸ் என்னும் ஊரில் மைக்கேல் கியூசக் என்பவரின் முயற்சியால் கேலிக் விளையாட்டுக் கழகம் தோன்றியது. கியூசக் ஓர் ஆசிரியர். டப்ளினில் சொந்தமாகப் பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். அவரே முன்னர் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடியவர் என்பது சற்று நின்று எண்ணத்தக்க செய்தி. அவரை அந்நிய ஆட்டங்கள் கெடுத்துவிடவில்லை. தம் மக்களுக்கென ஓர் ஆட்டம் வேண்டும் என்ற எண்ணத்தை அவை அவர் உள்ளத்தில் தூண்டியிருக்கவும் கூடும்.

கழகத்தின் புரவலராக விளங்கிய பேராயர் தாமஸ் குரோக், அவ்வாண்டு டிசம்பரில் எழுதிய மடலில் நாட்டு ஆட்டங்கள் அழிவது கண்டு வருந்தி, புல்வெளி டென்னிஸ், கிரிக்கெட் முதலியவற்றை வெளியிலிருந்து வந்த புதுமோகங்கள் என்று சாடினார். மொழி போயிற்று, நிலம் போயிற்று, ஆடும் ஆட்டமும் போக வேண்டுமா என்ற ஏக்கம் அம்மடலில் இருந்தது. அவ்வேக்கத்தைப் பொய்யென்று கூற எவராலும் இயலாது. பின்னர், 1920-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், டப்ளினின் குரோக் பார்க் திடலில் டிப்பரெரி அணியும் டப்ளின் அணியும் ஆடிக்கொண்டிருந்தபோது அரசுப் படையினர் புகுந்து சுட்டனர். 14 பேர் மாண்டனர். மாண்டோருள் மைக்கேல் ஹோகன் என்னும் ஆட்டக்காரரும் ஒருவர். ஆடுகளத்திலேயே ஆட்டக்காரன் சுடப்பட்டு இறந்த ஒரு கழகத்தார், ‘விளையாட்டு வேறு, அரசியல் வேறு’ என்ற அறிவுரையைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்தால்தான் வியப்பு.

ஆகவே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழகம் உறுதிப்படுத்திய தடைக்கு ஒரு நியாயம் இருந்தது. இளங்கன்றுக்கு வேலி வேண்டும். வலியவன் வீட்டு மாடும் எளியவன் வீட்டுச் செடியும் ஒரே தெருவில் இருக்குமாயின், வேலியிடுபவனைக் குறுமனத்தான் என்று பழித்தல் தகாது. வலியவன் தாராள மனம் பற்றிப் பேசுவது எளிது. அவன் செடியை எவரும் மேய்வதில்லை.

இனி வேலியின் தன்மையைக் காணலாம். தடைசெய்யப்பட்ட ஆட்டங்கள் நான்கு: ரக்பி, காற்பந்து, ஹாக்கி, கிரிக்கெட். ஆடுவது மட்டுமன்று, சென்று பார்ப்பதும் குற்றம். யார் யார் பார்க்கச் செல்கின்றனர் என்பதைக் கண்டறியக் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க வேண்டுமாயின் குழுவினர் அந்த ஆட்டத்துக்குப் போயாக வேண்டுமல்லவா? ஆகவே அந்நிய ஆட்டத்தைத் தண்டனைக்கு அஞ்சாது கண்டு களிக்கும் பேறு, அதனை ஒழிக்கப் புறப்பட்டவர்களுக்கே வாய்த்தது.

பேராயர் பெயர் சுட்டிச் சாடிய டென்னிஸ் தடைப்பட்டியலில் இடம்பெறவேயில்லை. 1874-இல் ஆங்கிலேயர் ஒருவர் காப்புரிமை பெற்றுப் பரப்பிய ஆட்டம் அது; மாளிகைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தது. 1890-இல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டங்கள் இரண்டையுமே அயர்லாந்துக்காரர்கள், ஆடவருள் வில்லோபி ஹாமில்டனும் மகளிருள் லீனா ரைஸும், வென்றனர். ஆங்கிலத்தன்மையே குற்றமாயின் டென்னிஸைக் காட்டிலும் குற்றமுடைய ஆட்டம் அரிது. எனினும் கேலிக் ஆட்டக்காரன் ஒருவன் ஞாயிறு காலை டென்னிஸ் ஆடிவிட்டு மாலையில் ஹர்லிங் ஆடத் தடையில்லை. ஏழைச் சிறுவர்களோடு தெருவில் காற்பந்தை உதைத்தால் தடையுண்டு. மரபைக் காப்பதற்கென்று எழுந்த விதி, நாளடைவில் போட்டியாளரைத் தடுக்கும் விதியாக உருமாறியதை இது காட்டுகின்றது. தன் ஆட்டக்காரர்களையும் பார்வையாளர்களையும் எந்த ஆட்டம் கவர்ந்து செல்லக்கூடுமோ அதுவே அந்நியமாயிற்று. இதைப் பிழை என்பதைவிட மனித இயல்பு என்பதே பொருந்தும். ஆனால் மனித இயல்புக்கு நாட்டுப்பற்று என்று பெயர் சூட்டியதுதான் சிக்கல்.

அச்சிக்கல் உச்சம் அடைந்தது 1938-இல். டக்ளஸ் ஹைட் அவ்வாண்டு அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். அவர் யார்? பாதிரியார் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, ரோஸ்காமன் வட்டாரத்து ஏழை முதியவர்களிடம் ஐரிஷ் மொழியைக் காதால் கேட்டுக் கற்றவர். அவர்களுடைய பாடல்களையும் கதைகளையும் எழுத்தில் தொகுத்தவர். அயர்லாந்து ஆங்கிலச் சாயலிலிருந்து விடுபட வேண்டியதன் தேவையைப் பற்றி 1892-இல் அவர் ஆற்றிய உரை புகழ் பெற்றது. மறு ஆண்டு கேலிக் மொழிக் கழகம் தோன்ற முன்னின்றவரும், அதன் முதல் தலைவரும் அவரே. விளையாட்டுக் கழகத்துக்கும் புரவலராய் இருந்தார். அத்தகையவர், 78 வயதில், நாட்டின் தலைவர் என்ற முறையில், நவம்பர் 13-ஆம் நாள் டப்ளினில் அயர்லாந்தும் போலந்தும் ஆடிய காற்பந்தாட்டத்துக்குச் சென்று அமர்ந்தார். அடுத்த மாதமே புரவலர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

மொழிக்காக வாழ்நாளைக் கொடுத்த முதியவரை, ஒரு பிற்பகல் வேறு திடலில் அமர்ந்திருந்தார் என்பதற்காக நீக்கிய கை எதனை அளந்தது? அன்பை அளந்ததா? அளந்திருந்தால் அந்நாட்டில் அவருக்கு நிகராக நிற்கக்கூடியவர் எத்தனை பேர்? வெறுப்பைத்தான் அளந்தது. அவரிடம் போதிய வெறுப்பு இல்லை என்று கண்டது. வேலி செடியைக் காப்பதற்கு மாறாகச் செடியை நட்டவனையே வெளியில் நிறுத்தியது.

இவ்விடத்தில் தடையை ஆதரித்தோர் ஒரு மறுமொழி கூறுவர். விதி என்றால் எல்லார்க்கும் ஒன்றுதான். தலைவருக்கொரு நீதி, தொழிலாளிக்கொரு நீதி என்பது அறமன்று. ஹைட்டை விட்டிருந்தால்தான் கழகம் இழிவுற்றிருக்கும் என்பர். இம்மறுமொழியை எளிதில் தள்ள இயலாது. விதியைச் செலுத்துபவன் முகம் பார்க்கலாகாது என்பதைப் பள்ளி நடத்துவோர் நன்கறிவர். ஆனால் ஒரு விதி பாரபட்சமின்றிச் செலுத்தப்பட்டபின், அதன் விளைவு எவரும் ஒப்ப நாணும்படி அமையுமாயின், குறை விதியைச் செலுத்தியவரிடம் இல்லை; விதியிடமே உள்ளது என்று அறிவதுதான் முறை. கழகம் அதனை அறிய மேலும் 33 ஆண்டுகள் பிடித்தன.

அதற்கிடையில், நீக்கப்பட்ட சிறுவன் வளர்ந்து என்ன ஆனான்? 1937 நவம்பரில், 18 வயதில், உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நார்வே நாட்டுக்கு எதிராக அயர்லாந்தின் காற்பந்து அணியில் ஆடிக் கோல் ஒன்றும் அடித்தார் ஓஃபிளானகன். ஆட்டம் 3-3 என்று முடிந்தது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்றுகொண்டே போஹீமியன்ஸ் குழுவுக்கு ஆடினார். குறுந்தொலைவு ஓட்டத்திலும் நீளத் தாண்டுதலிலும் தேசிய வாகை சூடினார். டென்னிசும் கோல்ஃபும் ஓய்வு நேரத்து ஆட்டங்கள். போருக்குப்பின் மருத்துவராக லண்டன் சென்றவர், அங்கே ஆர்சனல் குழுவில் ஊதியம் பெறாத ஆட்டக்காரராகக் காற்பந்தும் லண்டன் ஐரிஷ் குழுவில் ரக்பியும் ஆடினார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக மிஞ்சிய நேரத்தில் இவ்வளவும் நடந்தது.

1946 ஜனவரி 26-ஆம் நாள் பிரான்சுக்கு எதிராக அயர்லாந்தின் ரக்பி அணியில் ஆடினார். அடுத்த சனிக்கிழமை, பிப்ரவரி 2-ஆம் நாள், ஸ்காட்லாந்துக்கு எதிராக அயர்லாந்தின் காற்பந்து அணியில் ஆடினார். போர் முடிந்த உடனடிக் காலத்து ஆட்டங்களாதலால் இவ்விரண்டும் முழுத் தகுதியுடைய பன்னாட்டு ஆட்டங்களாக எண்ணப்படவில்லை. எனினும் ஏழு நாள் இடைவெளியில் இருவேறு பந்துகளோடு ஒரே தாய்நாட்டுக்காக ஆடியவர்கள் உலகில் மிகச் சிலரே.

ஒரே தாய்நாடு என்ற சொல்லிலும் ஒரு முடிச்சு உண்டு. காற்பந்தில் அப்போது இரண்டு அயர்லாந்துகள் இருந்தன. 1921-இல் சங்கம் பிளவுபட்டு, பெல்ஃபாஸ்டில் ஒன்றும் டப்ளினில் ஒன்றுமாக நின்றது; இரண்டும் முழுத் தீவிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தன. ஜானி கேரி என்பவர் 1946 செப்டம்பரில் மூன்று நாளுக்குள் இரண்டு அயர்லாந்துகளுக்கும் ஆடி, இரண்டு முறையும் இங்கிலாந்தையே எதிர்த்தார். ஓஃபிளானகனும் இரு சங்கங்களுக்கும் ஆடியவரே. அவ்விரண்டாம் ஆட்டத்தில், செப்டம்பர் 30-ஆம் நாள் டப்ளினில், அவரும் தம்பி மைக்கேலும் ஒரே அணியில் நின்றனர். இங்கிலாந்து ஒரே கோலில் தப்பியது. ரக்பியிலோ பிளவே இல்லை. வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே அயர்லாந்தாக ஆடின; இன்றும் ஆடுகின்றன. அரசியலால் இரண்டாக வெட்டப்பட்ட தீவை ஒன்றாக வைத்திருந்த சில இடங்களுள் அந்த ‘அந்நிய’ ஆட்டமும் ஒன்று என்பதைத் தடையின் காவலர்கள் எவ்வாறு எதிர்கொண்டனரோ! ஓஃபிளானகன் 1947 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முழுத் தகுதியுடைய ரக்பி ஆட்டமும் ஆடினார். தம்பி மறு ஆண்டு ரக்பி அணியில் இடம்பெற்றார்.

இவரோடு ஒப்பிடத்தக்கவர் ஜாக் லிஞ்ச். பின்னாளில் நாட்டின் பிரதமரானவர். 1941 முதல் 1944 வரை நான்கு ஆண்டுகளும் 1946-இலும் ஹர்லிங்கிலும், 1945-இல் கேலிக் பந்தாட்டத்திலும் அனைத்து அயர்லாந்து வாகைப் பதக்கங்களை வென்று, தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஆறு பதக்கங்கள் பெற்றார். இரண்டு ஆட்டங்களை ஆடியதால் அவருடைய பற்று இரண்டாகப் பிளந்ததென்று எவரும் கூறவில்லை. அவ்வாறு கூறுவதும் பேதைமை. பல ஆட்டம் ஆடுதல் பற்றைக் குறைக்கும் என்பது உண்மையாயின் அது லிஞ்சுக்கும் பொருந்தியிருக்க வேண்டும்.

பற்றில் இருவகை உண்டு என்று பகுத்துக் காண்பது இங்குப் பயன்தரும். ஒன்று, வாக்குக் கொடுத்ததனால் வரும் பற்று. திருமணம் அத்தகையது. அங்கு ஒன்றை ஏற்பதே மற்றதை விலக்குவதாகும். விலக்காவிடின் ஏற்றதற்குப் பொருளில்லை. மற்றொன்று, ஊறிப் பெருகும் பற்று. இரண்டாம் பிள்ளை பிறந்தவுடன் தாய்க்கு முதற்பிள்ளைமேல் இருந்த அன்பு பாதியாவதில்லை. பால் குறையலாம், நேரம் குறையலாம், உறக்கம் நிச்சயமாகக் குறையும், அன்பு குறைவதில்லை. மொழிப்பற்றும் நாட்டுப்பற்றும் கலைமேல் உள்ள பற்றும் இவ்விரண்டில் எவ்வகையைச் சார்ந்தவை? தடையை இயற்றியோர் அவற்றை முதல்வகையில் வைத்தனர். ஹைட்டின் வாழ்வு அவை இரண்டாம் வகையின என்று காட்டியது.

ஆயினும் நேரம் குறைகின்றதே, அது சிறு இழப்பா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவனிடம் ஒரு நாளில் 24 மணி நேரமே உண்டு. நல்ல ஆட்டக்காரர்கள் அனைவரும் நோவில்லாத வேறு ஆட்டங்களை நாடிப் போனால், நாட்டு ஆட்டம் அன்பின் குறைவால் அன்றி ஆளின் குறைவால் அழியும். உள்ளத்தில் மட்டும் இருக்கும் அன்பால் ஓர் அணியைத் திரட்ட முடியாது. இவ்வாதத்தில் உண்மை இருக்கின்றது. ஆனால் அதிலிருந்து பிறக்கும் கடமை, ஆட்டத்தை ஆடத்தக்கதாகச் செய்தல், கற்பித்தல், இளைஞர் விரும்பி வரும்படி திடலைத் திறந்து வைத்தல் ஆகியவையே. வந்தவனை வேறெங்கும் போனாயா என்று கேட்டு வெளியேற்றினால் ஆளின் குறைவு எப்படித் தீரும்? டப்ளின் இளையோர் அணி கெவினை இழந்தது. கெவினுக்கோ ஆடுவதற்கு வேறு நான்கு திடல்கள் இருந்தன.

இவ்விதியின் தீங்குகளுள் ஆசிரியர்கள் பெரிதும் எண்ணத்தக்கது வேறொன்று. அது பொய் சொல்லக் கற்பித்தது. கெர்ரி மாவட்டத்துக் கேலிக் பந்தாட்டக்காரர் மாஸ் கீன், கல்லூரி நாளில் ரக்பி ஆட விரும்பி, ‘மாஸ் ஃபென்டன்’ என்ற மாற்றுப் பெயரில் ஆடினார். பின்னாளில் தம் சொந்தப் பெயரிலேயே அயர்லாந்துக்கு ஆடிப் புகழ்பெற்றார். ஓர் இளைஞன் தன் தந்தை இட்ட பெயரை மறைத்துக்கொண்டுதான் மகிழ்ச்சியாக ஓட முடியும் என்ற நிலையை உண்டாக்கிய விதி, அவனுக்கு நாட்டுப்பற்றைக் கற்பித்ததா, நடிப்பைக் கற்பித்ததா? மறைக்கத் தெரியாதவன் தண்டனை பெற்றான், மறைத்தவன் தப்பினான். நேர்மையானவனைப் பிடித்துத் தந்திரக்காரனை விடும் வலை அது.

கான் மார்ட்டின் என்பவருக்கு நேர்ந்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1941-இல் டப்ளின் அணி லெய்ன்ஸ்டர் மாகாண வாகை சூடியபோது அவ்வணியில் ஆடியவர் அவர். காற்பந்தும் ஆடினார் என்பது தெரிந்ததும் அவருக்குரிய பதக்கம் தடுத்து வைக்கப்பட்டது. ஆடிய ஆட்டம் ஆடியதே. வென்ற வெற்றி வென்றதே. நடந்து முடிந்ததை நடவாததாக்க எந்தக் கழகத்துக்கும் ஆற்றல் இல்லை. ஆயினும் பதக்கம் வரவில்லை. அதே மார்ட்டின்தான் 1949 செப்டம்பர் 21-ஆம் நாள், லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில், இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே அயர்லாந்து 2-0 என்று வீழ்த்தியபோது முதல் கோலை அடித்தவர். ஆங்கில ஆட்டத்தில் ஆங்கிலேயரையே அவர்கள் வீட்டு வாசலில் வென்றவரைவிட நாட்டுக்குப் பெருமை தேடியவர் யார் என்று கேட்டால், தடையின் காவலர்கள் சற்றுத் தடுமாறியிருப்பர்.

தடை ஒரே நாளில் போகவில்லை. டப்ளினைச் சேர்ந்த டாம் வுல்ஃப் என்னும் கழக உறுப்பினர், கழகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, 1960-களில் ஆண்டுக்கணக்காக அதனை எதிர்த்து வாதிட்டார். தோற்றார், மீண்டும் வாதிட்டார். இதற்கிடையில் தொலைக்காட்சி வந்துவிட்டது. சென்று பார்த்தால் குற்றம், வீட்டில் அமர்ந்து பார்த்தால் குற்றமில்லை என்ற நிலை சிறுபிள்ளைகளுக்கும் நகைப்பாயிற்று. இறுதியில் மாவட்டந்தோறும் உறுப்பினர் கருத்துக் கேட்கப்பட்டு, 1971-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெல்ஃபாஸ்டில் கூடிய பேரவையில் தடை நீக்கப்பட்டது. அன்று தலைமையில் இருந்தவர் பாட் ஃபானிங். அவரோ தடையில் உறுதியான நம்பிக்கை உடையவர். தாம் நம்பிய ஒன்று தம் தலைமையிலேயே அகற்றப்படுவதை அமைதியாக நடத்திக் கொடுத்தார். கழகத்தை விட்டுப் போகவுமில்லை, கழகத்தைப் பிளக்கவுமில்லை. பற்று என்பது இன்னதென்று காட்டுவதற்கு ஹைட்டின் பெயரோடு சேர்த்து வைக்கத்தக்க பெயர் அவருடையது. இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்றவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

தடை போனபின் ஹர்லிங் அழிந்ததா? அழியவில்லை. கேலிக் ஆட்டங்களின் இறுதிப் போட்டிக்கு இன்றும் குரோக் பார்க்கில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுகின்றனர். வேலி இல்லாமலே முதலிலிருந்து வளர்ந்திருக்குமா என்றால், அதற்கு எவராலும் விடை கூற இயலாது. ஒரு மரத்தை இருமுறை வளர்த்துப் பார்க்க முடியாதல்லவா? கான் மார்ட்டினின் பதக்கமும், அதனை வென்று ஏறத்தாழ முப்பது ஆண்டு சென்றபின் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

ஓஃபிளானகன் விளையாட்டு மருத்துவத்தில் ஈடுபட்டு, அயர்லாந்து ஒலிம்பிக் குழுவின் மருத்துவராகப் பணியாற்றினார். 1976-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரானார். எந்த ஆட்டத்தில் அடிபட்டு வந்தவனாயினும் அவனது முழங்காலை அவர் ஒரே வகையாகத்தான் தொட்டுப் பார்த்திருப்பார். 2006-ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். மறு ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், ரக்பித் திடல் புதுப்பிக்கப்பட்டு வந்தமையால், குரோக் பார்க் திடலில் அயர்லாந்தும் இங்கிலாந்தும் ரக்பி ஆடின. மைக்கேல் ஹோகன் சுடப்பட்டு வீழ்ந்த அதே திடலில் ஆங்கில நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது, அரங்கு நிறைந்திருந்த மக்கள் மரியாதையோடு எழுந்து அமைதியாய் நின்றனர். பின்னர் ஆட்டம் தொடங்கியது. அயர்லாந்து 43-13 என்று வென்றது.